மியூசியம் தன் பழைய விமானத்தைத் தனியாருக்கு விற்கலாமா?

ஏதோ ஒரு மியூசியம் தன்னிடம் இருந்த பழைய போர் விமானத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டது என்று செய்தி வந்தால் போதும், விமானப் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பொதுச்சொத்தைப் பணக்காரருக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் என்பார் ஒருவர். வருஷக்கணக்காக மூலையில் தூசி படிந்து கிடந்தது, இனிமேலாவது பறக்கட்டும் விடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்கப்படுவது உண்மையில் என்ன, வாங்குகிறவர் அதை என்ன செய்வார், செய்து முடித்த பிறகு என்ன மிஞ்சும் என்று தெரிந்துகொள்ளாமல் பேசினால் அந்தச் சண்டை எங்கும் போய்ச் சேராது. இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக அதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான விமானங்களை விற்கக் கூடாது. சிலவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். எதைக் கொடுக்கலாம் என்பதை விமானத்தின் புகழோ, வாங்குபவர் நல்லவரா கெட்டவரா என்பதோ முடிவு செய்வதில்லை. அந்த விமானத்தின் உடம்பில் அசல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதே போன்றது வேறு எத்தனை இருக்கிறது, இந்த இரண்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், மியூசியம் எப்படி ஒரு பொருளை விற்க முடியும்? மியூசியத்துக்குள் போன பொருள் காலாகாலத்துக்கும் அங்கேயே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. பதிவேட்டில் ஏறிய பொருளை முறைப்படி பதிவேட்டிலிருந்து நீக்கி, இன்னொருவரிடம் கொடுக்கும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதற்கு விதிகளும் உண்டு. ஐகாம் எனப்படும் சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறை இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது: அந்தப் பொருளின் முக்கியத்துவம், சட்ட நிலை, அதை விட்டுக்கொடுத்தால் மக்கள் மியூசியத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் முழுதாகப் புரிந்துகொண்ட பிறகுதான் நீக்க வேண்டும், நீக்கிய பொருளை முதலில் வேறொரு மியூசியத்துக்குத்தான் கொடுக்கப் பார்க்க வேண்டும், விற்ற பணம் சேகரிப்பின் நலனுக்கே போக வேண்டும். கூரை ஒழுகுகிறது, கரண்ட் பில் கட்ட வேண்டும், அதனால் ஒரு விமானத்தை விற்றோம் என்பது அந்த நெறிமுறைப்படி தவறு.

சட்ட நிலை என்று சொன்னேன் அல்லவா, அது சும்மா பேச்சுக்கு இல்லை. பழைய விமானங்கள் விஷயத்தில் யாருக்கு எது சொந்தம் என்பதே பல நேரங்களில் பெரிய சிக்கல். எஃப்-82 ட்வின் மஸ்டாங் என்று இரண்டு உடற்பகுதிகளை ஒட்டவைத்தது போல ஒரு அமெரிக்கப் போர் விமானம் உண்டு, மிச்சம் இருப்பவை மிகச் சில. அதில் ஒன்றை அமெரிக்க விமானப்படை, பழைய விமானங்களைப் பறக்கவிடும் ஒரு தன்னார்வ அமைப்புக்குக் கொடுத்திருந்தது. 1987-ல் தரையிறங்கும்போது அது சேதமானது. 2002-ல் அந்த அமைப்பு அதை இன்னொருவரிடம் பண்டமாற்று செய்யப் போனபோது விமானப்படை மியூசியம் குறுக்கே வந்து, நாங்கள் உனக்குச் சொந்தமாகத் தரவில்லை, நீ விட்டுவிட்டால் எங்களிடம்தான் திரும்பி வர வேண்டும் என்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், மியூசியம் ஜெயித்து, விமானம் ஒஹாயோவின் டேட்டனில் இருக்கும் விமானப்படை மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடனாகக் கொடுத்ததா, கொடையாகக் கொடுத்ததா என்று ஒரு காகிதத்தில் ஒழுங்காக எழுதி வைக்காவிட்டால் இத்தனை வருஷம் அலைய வேண்டியிருக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தனியார் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் விமானத்தை என்ன செய்கிறார்?

பெரும்பாலும் அவருடைய ஆசை அதைத் திரும்பப் பறக்க வைப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பறக்க வைப்பது என்பது கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, எஞ்சினை ஓடவிடுவது இல்லை. ஒரு விமானம் வானில் போக வேண்டுமானால் அந்த நாட்டு விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு பாகமும் சுமையைத் தாங்கும் என்று காட்ட வேண்டும், எண்பது வருஷத்துக்கு முன்னால் போர் அவசரத்தில் செய்த அலுமினியத் தகடு அந்தப் பரீட்சையில் பாஸ் ஆவது அபூர்வம். அலுமினியக் கலவை வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அடுக்கடுக்காக உரிந்து போகும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பான ஸ்பார், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. இறக்கையின் அடிப்பக்கத்தில் பாரம் அதிகம் என்பதால் அங்கே குழாய்கள் நிறைய, நுனியை நோக்கிப் போகப்போக ஒவ்வொன்றாகக் குறையும். ரொம்ப அழகான யோசனை. ஆனால் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஈரம் புகுந்து அரித்திருந்தால் வெளியே இருந்து பார்க்கவே முடியாது. ஆகவே பறக்கப் போகிற ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பாரைப் புதிதாகவே செய்து போடுகிறார்கள். தகடுகளும் அப்படித்தான். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகள் ஆயிரக்கணக்கில் போகும், அந்த ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்கும்போது பழைய தகட்டின் ஓட்டைகளும் பெரிதாகிவிடும், அப்புறம் அந்தத் தகட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

இப்படியே போனால் கடைசியில் அசலாக மிஞ்சுவது சில பொருத்துப் பகுதிகளும், தொழிற்சாலையில் அடித்த எண் பொறித்த ஒரு சின்னத் தகடும். வாங்கி விற்பவர்கள் உலகத்தில் அந்தச் சின்னத் தகட்டுக்குப் பெரிய மரியாதை. அது இருந்தால் விமானத்துக்கு அடையாளம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, விலையும் இருக்கிறது. பி9374 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம் பிரான்ஸின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்து போனது. 1980-ல் அதன் எச்சங்கள் வெளியே வந்தன. பல கைகள் மாறி, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டு 2011-ல் பறந்தது. 2015 ஜூலையில் லண்டன் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. மிக நேர்த்தியான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்தக் கைவினைஞர்களின் மேல் மரியாதையும் உண்டு. கடல் மணலில் இத்துப்போன எச்சத்திலிருந்து இப்படி ஒன்றைக் கட்டியெழுப்பினால் இழப்பு ஒன்றும் இல்லை, லாபம்தான். ஆனால் இதே வேலையை முழுதாக, அசலாக நிற்கிற ஒரு மியூசிய விமானத்தின் மேல் செய்தால் கதை வேறு. ஓலைச்சுவடியைப் புது ஓலையில் அழகாகப் படியெடுத்துவிட்டு, பழைய சுவடியை அடுப்பில் போட்ட மாதிரி.

ஏன் அசல் தகடு இவ்வளவு முக்கியம்? அமெரிக்க ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி மியூசியத்திடம் ஃபிளாக்-பெய்ட் என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் 200-க்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த விமானம். அதன் உடம்பில் குண்டுச் சிதறல்கள் போட்ட ஓட்டைகளை அடைத்த ஒட்டுத் தகடுகள் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு ஒட்டும் ஏதோ ஒரு நாளில் மேலே ஒரு வெடி வெடித்து, மறுநாள் விமானம் போக வேண்டும் என்பதற்காகக் கீழே ஒரு மெக்கானிக் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி வைத்து அடித்தது. சில ஒட்டுகள் ஒழுங்காக இருக்கின்றன, சில அவசரமாக இருக்கின்றன. பெயின்ட் உரிந்த இடத்தில் கீழே இருக்கும் பழைய அடுக்கு தெரிகிறது. ஸ்மித்சோனியன் இதைப் புதுப்பிக்கவில்லை. போரிலிருந்து வந்த அதே பெயின்ட்டோடு, அரிப்பை மட்டும் நிறுத்தி, அப்படியே காப்பாற்றுவது என்று முடிவெடுத்து வேலை செய்கிறார்கள். பாதுகாப்பது வேறு, புதுப்பிப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லண்டன் ஹெண்டனில் இருக்கும் ஆர்.ஏ.எஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) மியூசியத்தில் ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் கிடக்கிறது. 1942 ஏப்ரலில் ஜெர்மானியப் போர்க்கப்பலான டிர்பிட்ஸைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறங்கி, பிறகு தண்ணீருக்குள் மூழ்கிப் போனது. 1973-ல் வெளியே எடுத்தார்கள். அதைப் புதுப்பிக்காமல், ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பார்கள். சரிசெய்தால் அந்த இரவு என்ன நடந்தது என்பதன் சாட்சி போய்விடும், அதனால்தான்.

இப்போது மறுபக்கம். மியூசியத்தில் இருந்தால் மட்டும் விமானம் பத்திரமாக இருக்குமா? இருக்காது, அதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் விமானப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். 1943 மே 17-ல் அதன் குழுவினர் தங்கள் 25-வது தாக்குதலை முடித்தார்கள், பிறகு ஊர் திரும்பி, விமானமும் அவர்களும் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் போர் நிதி திரட்டினார்கள். போர் முடிந்த கையோடு உடைப்புக்குப் போகவிருந்ததை 1946-ல் மெம்ஃபிஸ் நகரம் வெறும் 350 டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் திறந்தவெளியில், வெயிலிலும் மழையிலும். பாகங்களைத் திருடினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். கடைசியில் 2005-ல் டேட்டன் மியூசியத்துக்குப் போய், நீண்ட வேலைக்குப் பிறகு 2018 மே 17-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்த வேலையின்போது ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1943 சுற்றுப்பயணத்தில் விமானத்தைப் பார்க்க வந்த ஜனங்கள், அலுமினியத் தகட்டில் தங்கள் பெயர்களையும் சின்னச் சின்னச் செய்திகளையும் கீறி வைத்திருக்கிறார்கள். எழுபது வருஷத்துக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது. பறப்பதற்காகத் தகடுகளை மாற்றியிருந்தால் இந்தக் கீறல்கள் பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். ஆனால் இன்னும் சில பத்தாண்டுகள் வெளியே நின்றிருந்தாலும் அதே கதிதான்.

இன்னும் மோசமான உதாரணம் வேண்டுமா? லண்டனில் இம்பீரியல் வார் மியூசியத்தில் மஸ்கிட்டோ என்ற வகைப் பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று நின்றது. எண் டிவி959. கூடத்துக்குள் முழுதாக வைக்க இடம் இல்லை என்று அதன் வலது இறக்கையை வெட்டிவிட்டார்கள். ஆமாம், மியூசியமேதான். பிறகு அது தனியார் கைக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் வாங்கி, நியூசிலாந்தில் சீரமைக்கக் கொடுத்தார், 2016-ல் அது முழு இறக்கைகளோடு பறந்தது. இந்த ஒரு கதையை மட்டும் சொன்னால் தனியாரிடம் விற்பதே சரி என்று தோன்றும். கதை அங்கே முடியவில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பயணிகள் விமானங்களின் நிலை இன்னும் பரிதாபம், அவற்றுக்குக் கண்ணீர் விடுபவர்களும் குறைவு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பழைய விமானங்கள் சில இங்கிலாந்தின் காஸ்ஃபோர்ட் மியூசியத்தில் வெளியே நின்றன. அந்த நிறுவனம் பராமரிப்புச் செலவிலிருந்து விலகியதும் 2006-ல் போயிங் 707, விக்கர்ஸ் விசி10, டிரைடென்ட் எல்லாம் வெட்டப்பட்டன, சில துண்டுகள் மட்டும் வேறு மியூசியங்களுக்குப் போயின. வைஸ்கவுன்டும் ஒன்-லெவனும் தப்பித்து ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய விமானத்துக்குப் பெரிய கொட்டகை வேண்டும், கொட்டகைக்குப் பெரிய பணம் வேண்டும்.

கைவிட்டால் எதுவும் மிஞ்சாது என்பதற்கு ஷார்ட் ஸ்டர்லிங் போதும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இறக்கிய முதல் நான்கு எஞ்சின் கன ரக குண்டுவீச்சு விமானம், இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள், இன்று முழுதாக ஒன்றுகூட உலகத்தில் இல்லை. மூவாயிரத்துக்கும் மேல் செய்த ஹாக்கர் டைஃபூன் போர் விமானத்தில் முழுதாக ஒன்றே ஒன்று. எதிர்மாறாக, பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் சில இன்று இருப்பதற்குக் காரணம் யாரோ அவற்றைத் தொடர்ந்து உபயோகித்தார்கள் என்பதுதான். போர் முடிந்ததும் கான்பூரில் வேண்டாம் என்று விட்டுப்போன லிபரேட்டர்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் சரிசெய்து கொடுக்க, இந்திய விமானப்படை 1968 வரை ஓட்டியது, பிறகு அவை பிரிட்டன், அமெரிக்கா, கனடா மியூசியங்களுக்குப் போயின. அவற்றில் ஒன்று தனியார் கைக்குப் போய் அமெரிக்காவில் பல வருஷம் பறந்தும் இருக்கிறது.

தனியார் சீரமைப்பாளர்கள் செய்தது குறைவு இல்லை. கிரீன்லாந்தில் 1942 ஜூலையில் தரையிறங்கி, 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் பனிக்கட்டிக்குள் போய்விட்ட பி-38 போர் விமானம் ஒன்றை 1992-ல் துண்டு துண்டாக வெளியே எடுத்து, பத்து வருஷம் உழைத்து 2002-ல் பறக்கவிட்டார்கள், கிளேசியர் கேர்ள் என்று பெயர். எந்த அரசு மியூசியமும் இந்தப் பைத்தியக்காரத் துணிச்சலில் இறங்கியிருக்காது. மஸ்கிட்டோவையும் அப்படித்தான் மீட்டார்கள். அது மரத்தில் செய்த விமானம். பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து, அச்சு மேல் வளைத்து ஒட்டி, உடற்பகுதியை இடது பாதி வலது பாதி என்று செய்து சேர்ப்பார்கள். பறக்கும் நிலையில் இருந்த கடைசி மஸ்கிட்டோ 1996-ல் இங்கிலாந்தில் ஒரு கண்காட்சியில் விழுந்து இருவர் இறந்தார்கள். அதன் பிறகு பதினாறு வருஷம் உலகத்தில் பறக்கும் மஸ்கிட்டோவே இல்லை. நியூசிலாந்துக்காரர்கள் அச்சுகளைப் புதிதாகச் செய்து, அந்த வித்தையைத் திரும்பக் கற்று, 2012-ல் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அதன் மரப்பகுதி முழுக்கப் புதியது. ஆனால் மரத்தை எப்படி வளைத்தார்கள், எப்படி ஒட்டினார்கள் என்ற கைப்பழக்கம் மறுபடி உயிரோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விமானத்தால் இதைத் தர முடியாது.

சரி, இவ்வளவு நல்லது நடந்தால் என்ன தயக்கம்? இரண்டு காரணம்.

முதல் காரணம், பறக்கிறது விழும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் விழும். 1942-ல் லிபியாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் பிடிபட்ட ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்று, பிளாக் 6 என்பார்கள், தன்னார்வலர்கள் பல வருஷம் சேர்ந்து வேலை செய்து 1991-ல் பறக்க வைத்தார்கள். அரசுக்குச் சொந்தமான, மிக அசலான விமானம். சில வருஷம் மட்டும் பறக்கவிட்டு மியூசியத்தில் நிறுத்திவிடுவது என்பதுதான் ஏற்பாடு. 1997 அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டில் குப்புற விழுந்தது. விமானி பிழைத்தார். பிறகு அதைச் சரிசெய்து நிரந்தரமாகத் தரையில் நிறுத்தினார்கள். முழுதாக மிச்சம் இருக்கும் ஒரே போயிங் ஸ்ட்ராட்டோலைனர் பயணிகள் விமானம் 2002-ல் சியாட்டில் கடலுக்குள் இறங்கியது, அதை மறுபடி சரிசெய்து ஸ்மித்சோனியனுக்குக் கொண்டுபோனார்கள். 1947-ல் கிரீன்லாந்தில் இறங்கி அரை நூற்றாண்டு குளிரில் நன்றாகவே இருந்த கீ பேர்ட் என்ற பி-29 குண்டுவீச்சு விமானத்தை 1995-ல் பறக்கவைத்து மீட்கப் போனார்கள், கிளம்பும் நேரத்தில் உள்ளே தீப்பிடித்து எரிந்து போனது. யாரும் தொடாமல் விட்டிருந்தால் இன்றும் இருந்திருக்கும். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பி-17 ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் கண்காட்சியில் இன்னொரு பி-17-உம் கிங்கோப்ரா என்ற போர் விமானமும் வானில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். உயிர்ச்சேதத்துக்கு முன்னால் தகடு, ரிவெட் எல்லாம் பெரிதல்ல, ஆனால் இரண்டும் சேர்ந்தே போகின்றன என்பதுதான் வேதனை.

இரண்டாவது காரணம், தனியாருக்கு ஆயுள் உண்டு. இப்போது அந்த மஸ்கிட்டோ கதைக்குத் திரும்பலாம். பால் ஆலன் 2018-ல் இறந்தார். அவருடைய விமான மியூசியம் 2020-ல் மூடப்பட்டது. மூடிய கதவுக்குள் அந்த விமானங்கள் என்ன ஆகும் என்று உலகம் முழுக்க ஆட்கள் கவலைப்பட்டார்கள். 2022-ல் இன்னொரு செல்வந்தரின் அமைப்பு சேகரிப்பை வாங்கி, 2023-ல் மறுபடி திறந்தது. நல்லவிதமாக முடிந்தது, ஆனால் அதை முடிவு செய்தது ஒரு பணக்காரரின் விருப்பம், எந்த விதியும் இல்லை. வாங்குகிறவரின் வாரிசுக்கு விமானத்தில் ஆர்வம் இல்லாமல் போகலாம், கடன் வரலாம், வேறு நாட்டுக்கு விற்கலாம், ஒரு ஹேங்கருக்குள் பூட்டிவைத்து யார் கண்ணுக்கும் காட்டாமலும் இருக்கலாம். மியூசியம் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு ஒன்றும் கேட்க முடியாது.

நல்ல மனதுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன பி9374-ஐ ஏலத்தில் விற்ற அதே அமெரிக்கர், 1940-ல் பிரிட்டிஷ் படைகள் பிரான்ஸிலிருந்து பின்வாங்கிய டன்கர்க் சமயத்தில் கடற்கரையில் இறங்கிய இன்னொரு ஸ்பிட்ஃபயரான என்3200-ஐ, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, 2015 ஜூலையில் இம்பீரியல் வார் மியூசியத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். தனியாரிடமிருந்து மியூசியத்துக்கும் பாதை உண்டு.

பணத்துக்கு விற்பதைவிடப் பண்டமாற்று நல்லது என்று சிலர் சொல்வார்கள். நானும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். 1980-களின் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்களின் வாசலில் கம்பத்தின் மேல் காவல் தெய்வம் போல நின்ற ஸ்பிட்ஃபயர்கள் மழையில் அரித்துக்கொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றைத் தனியார் சீரமைப்பாளர்களிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு ஃபைபர்கிளாஸ் பிரதிகளையும், மியூசியத்துக்கு அதனிடம் இல்லாத கிட்டிஹாக், போஃபர்ட் வகை விமானங்களையும் வாங்கிக்கொண்டார்கள். நல்ல பேரம். ஸ்பிட்ஃபயர் இருபதாயிரத்துக்கும் மேல் செய்த விமானம், போஃபர்ட்டோ கிடைப்பதே அரிது.

ஆனால் பண்டமாற்றும் கவிழும். 2012-ல் எகிப்தின் சஹாராவில் ஒரு கிட்டிஹாக் கிடைத்தது. 1942 ஜூனில் டெனிஸ் காப்பிங் என்ற இளம் பிரிட்டிஷ் விமானி அங்கே இறக்கிவிட்டு நடந்து போய்க் காணாமல் போயிருக்கிறார். எழுபது வருஷம் பாலைவனத்தில் யாரும் தொடாத விமானம், பக்கத்தில் அவர் நிழலுக்குக் கட்டிய பாராசூட் துணி. இதை மீட்டுக் கொண்டுவருவதற்குக் கூலியாக ஆர்.ஏ.எஃப் மியூசியம் தன் கிடங்கிலிருந்த ஸ்பிட்ஃபயர் ஒன்றை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் போனது. கிட்டிஹாக் பிரிட்டனுக்கு வரவே இல்லை, எகிப்திலேயே நின்றுவிட்டது. பிறகு எல் அலமெய்ன் மியூசியத்தில் அதற்குப் பளிச்சென்று புதுப் பெயின்ட் அடித்து வைத்தார்கள், பாலைவனம் காப்பாற்றி வைத்த அந்தத் தோல் அதோடு சரி. கையில் வருவதற்கு முன்னால் கையில் இருப்பதைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? மியூசியத்திடம் அதே வகையில் இரண்டு மூன்று இருந்து, அதில் ஒன்று ஏற்கெனவே பல தடவை பெயின்ட் அடித்து, பாகங்கள் மாற்றி, வெளியே நின்று அசல் தன்மை போய்விட்டது என்றால் அதைக் கொடுக்கலாம். எரிந்த அல்லது மூழ்கிய எச்சம், காட்சிக்கு வைக்கவே முடியாது என்றால் கொடுக்கலாம். கொட்டகைக்குள் கொண்டுவர இன்னும் இருபது வருஷத்துக்கு வழியே இல்லை, வேறு எந்த மியூசியமும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை என்றாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், காஸ்ஃபோர்ட் மாதிரி வெட்டுவதைவிட அது மேல். ஆனால் வகையில் கடைசியாக மிஞ்சியது, போரிலிருந்து வந்த பெயின்ட்டோடு இருப்பது, குறிப்பிட்ட ஒரு நிகழ்வில் பங்கெடுத்தது என்று ஆவணம் உள்ளது, இவற்றை எவ்வளவு கோடி கொடுத்தாலும் விற்கக் கூடாது. மற்ற பாகங்கள் மாறியிருந்தாலும் பறந்த அதே எஞ்சின் இருக்கிறது என்றால் நான் அதற்கும் இரண்டு தடவை யோசிப்பேன்.

விற்பதைவிட நீண்டகாலக் கடன் நல்லது, சொத்து மியூசியத்தின் பெயரிலேயே இருக்கும். எஃப்-82 விஷயத்தில் கடைசியில் காப்பாற்றியது அதுதான். விற்றே ஆக வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் இருந்தாக வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அளந்து பதிவு செய்து அந்தப் பதிவை மியூசியத்திடம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் பிற்பாடு விற்றால் முதலில் மியூசியத்திடம்தான் கேட்க வேண்டும். அப்புறம், பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிற ஒன்று: கழற்றிப் போடும் அசல் பாகங்கள். பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்குகிற அந்தப் பழைய ஸ்பார், அந்தப் பழைய தகடு, பெயின்ட் அடுக்குகள் இருக்கும் அந்தக் கதவு, இவை சீரமைப்பாளருக்குக் குப்பை, மியூசியத்துக்கு அவைதான் விமானம். அவற்றை எண் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டால், பறக்கும் விமானம் ஒன்று வெளியே இருக்கும், படிக்க வேண்டிய அசல் உள்ளே இருக்கும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, பல லட்சம் பவுண்டு செலவழித்து ஸ்பிட்ஃபயர் கட்டுகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இனிமேல் இப்படி ஒரு விற்பனைச் செய்தி கண்ணில் பட்டால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் மியூசியம் வெளியிட்ட அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். வேறு மியூசியங்களிடம் கேட்டார்களா, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, கழற்றும் பாகங்கள் எங்கே போகும் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த மியூசியத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மக்கள் வரிப்பணத்திலும் நன்கொடையிலும் நடக்கிற மியூசியம் என்றால் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த விமானத்தின் முதல் ரிவெட்டைத் துளைத்து எடுத்த பிறகு கேட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை.